கறுப்பு அட்டைக்கு அந்தப் பக்கம்

எனக்குப் பொறாமைதான். இதற்கு வேறு கௌரவமான பெயர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வைத்துக்கொள்கிறேன். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனின் மனைவி, எங்கள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

அவள் வருவதற்கு முன்பு பெண்களையும் குழந்தைகளையும் படம் எடுப்பது என் பொறுப்பு. லைட் வைப்பதும் நான்தான். கடை மாமனார் ஆரம்பித்தது. என் கணவர் கல்லாவில் பாதி நாள், கேமராவில் பாதி நாள். கொழுந்தன் கல்யாண வீடுகளுக்கு ஊர் ஊராக அலைவான். படம் நன்றாக வந்தால் வாடிக்கையாளர்கள் "லைட்டிங் பிரமாதம்" என்பார்கள். அந்த லைட்டிங் நான். இப்போது அதே லைட்டில் எடுத்த படத்தைப் பார்த்து "எடிட்டிங் பிரமாதம்" என்கிறார்கள். லைட் என்று ஒன்று எரிந்ததே ஒருவருக்கும் நினைவில் இல்லை.

வீட்டிலும் இதே பாட்டுதான். "சின்னவ கை பட்டா படமே பேசுது" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார் என் கணவர்.

"என் கை பட்டா?" என்றேன்.

"உன் கை பட்டா நான் பேச முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள், அடக்கமாக, வாயைப் பொத்திக்கொண்டு. அவள் கெக்கெக்கே என்று சிரித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அப்ப இனிமே அவ கையாலேயே சாப்பிடுங்க" என்று கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு அவள் கையாலேயே சாப்பிட்டார், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கி.

எங்கள் கடைக்குப் பெயர் வந்ததே வெள்ளைப் படங்களால்தான். தொழிலில் ஹை-கீ என்பார்கள். பின்னால் சுத்த வெள்ளை. முகத்தில் நிழல் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்கு மென்மை. பார்க்கிறவர்களுக்கு, லைட்டை எல்லாம் போட்டுவிட்டு அமுக்கினால் முடிந்தது என்று தோன்றும். செய்து பார்த்தால் தெரியும் சங்கதி. வெள்ளைப் பேப்பர் சுருளைத் தொங்கவிட்டு, அதன் மேல் மட்டும் விழும்படி இரண்டு பக்கமும் இரண்டு ஃப்ளாஷ் லைட். முகத்துக்கு முன்னால், சற்று மேலே, பெரிய வெள்ளைக் குடைக்குள் இன்னொன்று. நிழலைக் கரைக்க மறுபக்கம் தெர்மாகோல் பலகை. ஆளைப் பேப்பரிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். பின் லைட் முகத்து லைட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் பேப்பர் வெள்ளையாகும். இல்லாவிட்டால் அழுக்கு வேட்டி நிறம். ஆனால் அந்த வெளிச்சம் ஆள் மேல் தெறித்தால் கன்னத்தையும் காதையும் தின்றுவிடும். அதற்காகத்தான் பின் லைட்டுக்கும் ஆளுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் ஆள் உயரக் கறுப்பு அட்டை நிறுத்துவோம். வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு அட்டைதான் உயிர்.

வருகிறவர்களோ "என்னை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்க" என்பார்கள். வெள்ளையாக இருக்க வேண்டியது படம், ஆள் இல்லை. கறுத்த முகம் கறுத்த முகமாகவே அந்த வெள்ளைக்கு நடுவில் நிற்க வேண்டும். புருவமும் கண்ணும் முடியும் அழுத்தமாக இருந்தால்தான் முகம் காற்றில் பறக்காமல் நிற்கும். இது சின்னவளுக்கும் தெரியும். எனக்கு ஆகாததே அதுதான். எல்லா முகத்தையும் மாவில் புரட்டி எடுக்கிறவளாக அவள் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவளோ தோலின் துளைகள்கூடத் தெரிகிற மாதிரி விட்டுவைப்பாள். பருவை எடுப்பாள், மச்சத்தைத் தொட மாட்டாள். "பரு போயிடும் அக்கா, மச்சம் கூடவே இருக்கும். கூட இருக்கறத எடுக்கக் கூடாது" என்பாள். நானும் இரண்டு தடவை யாரும் இல்லாதபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் இருந்த ஒரு வாடிக்கையாளர் அம்மாளின் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டுகிற கோட்டைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மாளுக்குப் பல் எது, கன்னம் எது என்று தெரியாமல் போய்விட்டது.

இப்படி இருக்கும்போதுதான் கடை முகப்பை இடித்துப் புதிதாகக் கட்டினோம். தெருவைப் பார்த்து ஒரே கண்ணாடி. அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரே படம். மாமனார் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்.

"இந்தத் தடவ வெளியாள் படம் வேண்டாம். நம்ம வீட்டு ஆள் படம். கீழ ஒரே ஒரு பேரு. யார் கையால அது படமாச்சோ அவங்க பேரு. கூட்டத்தோட பேரெல்லாம் போட்டா அது படம் இல்ல, கல்யாணப் பத்திரிகை."

வீட்டு ஆள் என்றதும் என் கை தானாகப் போய் முடியைச் சரிசெய்தது. சிரிக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் லைட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அந்த ஸ்டூலில் உட்காருகிறவள் நான். என் கணவர் இரண்டு தடவை அமுக்குவார். "ம், போதும், எழுந்திரு" என்பார். அதோடு சரி. இத்தனை வருஷத்தில் என்னை எடுத்த அளவுக்கு இந்தக் கடையில் வேறு யாரையும் எடுத்ததில்லை. ஒன்றுகூடத் தங்கியதில்லை. அளவு பார்த்ததும் அழித்துவிடுவார்கள்.

"என் பொண்ணு வரா அடுத்த வாரம். அவள எடுங்க" என்றார் மாமனார்.

போகட்டும். முகம் நாத்தனாருடையது, பெயராவது என்னுடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். லைட் என் கை. க்ளிக் என் கை. அதற்கு மேல் படம் என்று என்ன இருக்கிறது? அந்தப் பெயர் எனக்கு வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் யார் கை என்ன பேசுகிறது என்று தெருவே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

நாத்தனார் வந்தது ஒரே ஒரு நாளைக்கு. மதியம் பஸ். என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. நல்லவள்தான். ஆனால் கேமராவைக் கண்டால் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஆகிவிடுவாள். நான் காலையிலேயே எல்லாவற்றையும் நிறுத்தினேன். வழக்கம்போல நான் முதலில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குடை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. அந்தக் குடைக்கும் எனக்கும் பழைய பகை. ஒருதடவை மாட்டும்போது அதன் கம்பி என் வலது காதின் மேல் விளிம்பைக் கிழித்து, இன்றைக்கும் ஒரு கோடு இருக்கிறது. அதைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கும்போது என் கணவர் அமுக்கிவிட்டு, கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டார்.

"பெரிய திரையில அளவு சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன். நீ எடுக்க ஆரம்பி."

பக்கத்து அறைதான் எடிட்டிங் அறை. போனவர் வரவே இல்லை.

நான் கேமராவில் வேறு கார்டைப் போட்டு எடுக்க ஆரம்பித்தேன். அண்ணி தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, மூச்சு விடுங்க."

"விட்டா வயிறு தெரியும்மா."

"மார்பு வரைக்கும்தான் எடுக்கறேன். விடுங்க."

விட்டாள். அப்போதும் முகம் மரம் மாதிரியே இருந்தது. ஒன்று, இரண்டு, இருபது என்று அமுக்கிக்கொண்டே போனேன். வெளிச்சம் அத்தனை சுத்தம். கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்குகிற இடம் பால் மாதிரி இருந்தது. முகம் மட்டும்தான் முகமாக இல்லை.

அப்போது பக்கத்து அறையில் சிரித்தார்கள். இரண்டு பேரும். முதலில் அவள், பிறகு அவர். அவர் சிரிப்பு எனக்குத் தெரியும். வாடிக்கையாளரிடம் சிரிக்கிறது ஒன்று, வீட்டில் சிரிக்கிறது ஒன்று. இது இரண்டும் இல்லை. இது தொண்டையிலிருந்து உருண்டு வருகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் நான் கேட்டது. அதற்கப்புறம் எங்கே போயிற்று என்று நானும் தேடவில்லை. இங்கே வந்து சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது.

எடிட்டிங் அறையின் கதவு எனக்கு இடது கைப்பக்கம். திறந்துதான் இருந்தது. ஆனால் நான் நிற்கிற இடத்துக்கும் கதவுக்கும் நடுவில் இடது பக்கத்துக் கறுப்பு அட்டை நின்றது. எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. "அண்ணி, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய், அட்டையைக் காலால் ஒரு தள்ளு தள்ளினேன். அது சுவரோடு ஒட்டிக்கொண்டது. கேமராவுக்குத் திரும்பி வந்தால் கதவு நன்றாகத் தெரிந்தது. அவர் முதுகும் அவள் நாற்காலியும் தெரிந்தன. அவர் குனிந்து திரையைக் காட்டி ஏதோ சொன்னார். மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கேட்டு அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன இப்படிச் சிரிக்கறாங்க?" என்று தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். முகம் அப்படியே திறந்துகொண்டது. என் கண் கதவில். என் விரல் தன் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது.

பிறகுதான் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தேன். வெளிச்சம் அளவு மீறிப் போன இடங்கள் அதில் கறுப்பாகக் கண்சிமிட்டும். வெள்ளைப் படத்தில் பின்னாலிருக்கும் பேப்பர் கண்சிமிட்டலாம், சிமிட்டத்தான் வேண்டும். முகம் சிமிட்டக் கூடாது. அண்ணியின் வலது காது முழுசாகச் சிமிட்டியது. காதுக்கு முன்னால் கன்னத்தின் ஓரமும் சேர்ந்து சிமிட்டியது. அட்டை இல்லாத பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் கடித்துத் தின்றிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மங்கலாக எதுவாவது மிச்சம் இருந்தால் எடிட்டிங்கில் இழுத்து எடுக்கலாம். சுத்தமாக வெளுத்துப் போனால் உள்ளே ஒன்றுமே இல்லை. சட்டியில் இருந்தால்தானே கரண்டி போட முடியும்?

காது இருக்கும் படங்களில் முகம் மரம். முகம் இருக்கும் படங்களில் காது இல்லை.

அட்டையை மறுபடி நிறுத்தி, "அண்ணி, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. அப்போது பக்கத்து அறையிலிருந்து என் கணவர் குரல் கேட்டது: "உன்னால முடியாததுன்னு ஒண்ணு இருக்கா?"

சரி. செய்யட்டுமே, முடியாதது இல்லாதவள்.

"நல்லா வந்திருக்கு அண்ணி. போய்க் கிளம்புங்க" என்றேன். அட்டையைப் பழைய இடத்தில் நிறுத்தினேன். கார்டைக் கழற்றிக்கொண்டுபோய் சின்னவள் மேசையில் வைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திரையில் ஒன்றும் இல்லை, மூடிவிட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

"மாமா நாளைக்கே கேப்பாரு" என்றேன்.

"பாக்கறேன் அக்கா" என்றாள்.

மறுநாள் அவள் வாயைத் திறக்கவில்லை. காது எங்கே என்று கேட்கவில்லை. லைட் தப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் சண்டைக்குத் தயாராக நான்கு பதில் வைத்திருந்தேன், நான்கும் வீணாகப் போயின. அடுத்த நாள் படத்தைப் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்தாயிற்று என்றார்கள்.

படம் வந்தது. ஆட்கள் தூக்கிக்கொண்டுவந்து கண்ணாடிக்குள் நிறுத்தினார்கள். மாமனார் தெருவில் போய் நின்று பார்த்தார். நாங்களும் போனோம்.

வயிறு எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன்: படம் அருமை. வெள்ளைக்குள்ளிருந்து அண்ணி அப்போதுதான் எதையோ கேட்டுச் சிரிக்க ஆரம்பித்த மாதிரி இருந்தாள். நிறம் அவள் நிறமே. கண்ணும் புருவமும் அழுத்தமாக நின்றன. கன்னத்தின் ஓரம் வெள்ளையில் கரைகிற இடத்தில் ஒரு மெல்லிய சாம்பல் கோடு. முகம் எங்கே முடிகிறது என்று காட்டியது. அந்தக் கோடு நான் எடுத்த படத்தில் கிடையாது. காதும் முழுசாக இருந்தது. ஒதுக்கிவிட்ட முடிக்குக் கீழே, அழகாக, அளவாக.

மாமனார் தொண்டையைச் செருமினார். "சரி, யார் பேரு போடறது?"

என் கணவர் வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போகும் பெயர் எனக்குத் தெரியும். அதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா பேரு மாமா. லைட்டு அவங்களோடது, எடுத்ததும் அவங்கதான். நான் சும்மா தூசி தட்டினேன்."

மாமனார் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எங்கே தையல் போட்டிருக்கிறாள் என்று கண்டுபிடிக்கிற ஆசைதான், வேறென்ன. கன்னத்தைப் பார்த்தேன். கழுத்தைப் பார்த்தேன். காதைப் பார்த்தேன். காதின் மேல் விளிம்பில் ஒரு கோடு இருந்தது. குடைக்கம்பி கிழித்த கோடு.

என் கை என் காதுக்குப் போயிற்று. அதே கோடு, அதே இடம்.

நேராக எடிட்டிங் அறைக்குப் போனேன். சின்னவள் ஏதோ குழந்தைப் படத்தில் மூக்கு ஒழுகியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது என் காது" என்றேன்.

"ஆமா அக்கா."

"யாரக் கேட்டு வெச்ச?"

"யாரக் கேக்கறது? அண்ணி காது இல்ல. மத்த படத்துல இருந்த காது திரும்பிக்கிட்டிருந்துச்சு, ஒட்டல. நீங்க அன்னைக்குக் காலையில அதே ஸ்டூல்ல, அதே லைட்டுல உக்காந்தீங்க. நிறமும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். வெச்சதும் பொருந்திடுச்சு."

"கோட்ட எடுத்திருக்கலாமே?"

"கூட இருக்கறத எடுக்கக் கூடாதே" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அட்டைய நகத்தினது எனக்குத் தெரியும் அக்கா. அதுவரைக்கும் இருட்டா இருந்த ரூமு, திடீர்னு ஒவ்வொரு க்ளிக்குக்கும் எங்க மேசை மேல பளிச்சுபளிச்சுன்னு அடிச்சுது."

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அவள் விடவில்லை.

"என்ன சிரிச்சோம்னு கேக்கணும்னு உங்களுக்கு ஆசை. கேளுங்க."

"எனக்கென்ன ஆசை?" என்றேன். அவள் குழந்தை மூக்குக்குத் திரும்பிவிட்டாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். "என்ன சிரிச்சீங்க?"

அவள் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். திரை முழுவதும் நான். புருவத்தை நெரித்துக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, குடையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் வேறொரு நாளின் நான், கொட்டாவி விடுகிறேன். இன்னொரு நாளின் நான், லைட் கண்ணில் பட்டு ஒற்றைக் கண்ணை மூடியிருக்கிறேன். கீழே உருட்ட உருட்ட நான் வந்துகொண்டே இருந்தேன்.

"'பாரேன், இவ திட்டற திட்டுல லைட்டு அழுதுடும் போலிருக்கு'ன்னு அத்தான் சொன்னாரு. அதுக்குத்தான் சிரிச்சோம். நெரிச்ச புருவத்த நிமித்தி, உங்க வாய மூடி வெச்சு ஒரு நல்ல படமா ஆக்க முடியுமான்னு கேட்டாரு."

முடியாததுன்னு ஒண்ணு இருக்கா என்று அவர் கேட்டது அதைத்தானா?

"இதையெல்லாம் அழிக்காம யாரு வெச்சது?"

"அத நீங்க அத்தான்கிட்ட கேளுங்க" என்றாள். அப்போதுதான் அந்த அடக்கமான சிரிப்பு வந்தது. "பேருக்காக மனசுல எதையும் வெச்சுக்காதீங்க அக்கா. காது உங்களுது. பேரு மட்டும் எதுக்கு என்னுது?"

ஊசி ஏற்றுவது தெரியாமல் ஏற்றுகிற டாக்டர்கள் உண்டு. அவள் அந்த ரகம்.

இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. அழிக்காமல் வைக்கச் சொன்னது அவராக இருந்தால் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: நான் வீட்டிலும் கடையிலும் அவர் கண் முன்னால் நாள் முழுக்க நடமாடுகிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்க அவள் மேசைக்கா போக வேண்டும்?

போன வாரம் அண்ணி போன் செய்தாள். யாரோ படத்தை அனுப்பியிருக்கிறார்கள். "என் காது இவ்வளவு அழகுன்னு எனக்கே தெரியல" என்றாள். "அதுல மட்டும் ஏதோ கோடு விழுந்திருக்கு. சின்னவகிட்ட சொல்லி எடுக்கச் சொல்லேன்."

"அது இருக்கட்டும் அண்ணி" என்றேன்.

படத்துக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. மேலே என் காது இருக்கிறது. நடுவில் இருப்பதெல்லாம் மற்றவர்கள். தெருவில் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து "நீங்களா எடுத்தது?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். முடியை வலது பக்கம் காது மறைகிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டுதான் இப்போதெல்லாம் கடைக்கு வருகிறேன்.

இன்று காலை ஒரு பெண் வந்தாள். கண்ணாடிக்குள் இருக்கிற மாதிரியே வேண்டும் என்றாள். ஸ்டூலில் உட்கார வைத்தேன். பின் லைட்டுகளைப் போட்டேன். இரண்டு கறுப்பு அட்டைகளையும் நிறுத்தி, கீழே நகராமல் செங்கல் வைத்தேன். கேமராவுக்கு வந்து குனிந்தேன்.

அட்டைக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். முதலில் அவள், பிறகு அவர், தொண்டையிலிருந்து. அப்புறம் ஏதோ பேசினார்கள், மின்விசிறி இரைச்சலில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

கால் பரபரத்தது. அட்டையைத் தொடவில்லை. நேராகச் சுவருக்குப் போய் மின்விசிறியை நிறுத்தினேன்.

"ஏங்க, வேர்க்குமே?" என்றாள் அந்தப் பெண்.

"முடி பறக்குதும்மா, எடிட்டிங்ல கஷ்டம்" என்று சொல்லிவிட்டு, என் முடியை வலது காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டேன்.